தாத்தா தாத்தா தலையைக் கொடு: பூ விளையாட்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்மாவில், பகோ ஊரில் கோயிலை ஒட்டிய கூடத்தில் கோடை விடுமுறைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்து வருகிறேன். மார்ச் முதல் மே வரை பள்ளிக்கூடம் மூடியிருக்கும் அந்த மூன்று மாதம்தான் எங்களுக்குக் கிடைக்கிற காலம். எழுத்தும் வாசிப்பும் முடிந்ததும் கடைசி ஒரு மணி நேரம் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போய்ப் பூ விளையாட்டுச் சொல்லிக் கொடுப்பேன். பிள்ளைகளை அழைத்துப்போக வரும் அம்மாக்களும் ஆயாக்களும் வாசலில் நின்று கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். யாங்கோனிலிருந்தும் மோல்மேனிலிருந்தும் போனில் கேட்பவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

“காட்டுப் பூன்னா காட்டுக்குப் போகணுமா டீச்சர்? நாங்க டவுனுக்குள்ள இருக்கோம்.”

வேண்டாம். யாரும் விதைக்காமல், தண்ணீர் ஊற்றாமல், தானாக முளைத்துப் பூப்பதைத்தான் காட்டுப் பூ என்கிறேன். ரயில் பாதை ஓரம், காலி மனை, வாய்க்கால் கரை, மதில் சுவரின் அடி என்று எங்கே பார்த்தாலும் தாத்தாப்பூவும் தொட்டாற்சுருங்கியும் உண்ணிப்பூவும் எருக்கும் இருக்கும். தெருவில் நிழலுக்கு நட்ட மரங்களிலிருந்து உதிரும் பூவையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். கொன்றை, மகிழம், தீக்கொன்றை எல்லாம் அப்படி வந்தவைதான். அடுத்த வீட்டு வேலிக்குள் கை நீட்டக் கூடாது என்பது மட்டும் எங்கள் வகுப்பின் கட்டுப்பாடு.

“அஞ்சு வயசுப் பிள்ளைக்கு எதிலேர்ந்து ஆரம்பிக்கலாம்?”

தாத்தாப்பூவிலிருந்து. வெட்டுக்காயப் பூண்டு என்றும் மூக்குத்திப்பூ என்றும் சொல்வார்களே, அதே செடிதான். தரையோடு படர்ந்திருக்கும். நீளமான காம்பின் உச்சியில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் வெளிர் இதழுமாக ஒற்றைப் பூ நிற்கும். காம்பை ஒரு கையில் பிடித்து, பூவுக்குக் கீழே பெருவிரல் நகத்தை வைத்து, “தாத்தா தாத்தா தலையைக் கொடு” என்று சொல்லிச் சுண்டிவிட வேண்டும். யாருடைய தலை அதிக தூரம் போய் விழுகிறதோ அவர் வென்றார். அவ்வளவுதான்.

இதைவிட எளிய விளையாட்டு எனக்குத் தெரியாது. செடியில் விஷமில்லை, முள்ளில்லை, வருஷம் முழுக்கப் பூக்கும். முதல் நாள் வகுப்புக்கு வந்து தமிழில் வாயே திறக்காத பிள்ளைகூட இந்த நாலு சொல்லை அன்று மாலைக்குள் சொல்லிவிடும்.

“தாத்தா தலையைக் கேட்கிறது நல்லாவா இருக்கு? எங்க மாமனாருக்குப் பிடிக்கல.”

நியாயமான மனக்குறைதான். ஆனால் முற்றிய தாத்தாப்பூ ஒன்றைப் பறித்து மாமனார் கையில் கொடுத்துப் பாருங்கள். மஞ்சள் போய், விதை ஒவ்வொன்றின் மேலும் பஞ்சு முளைத்து, நரைத்த தலை மாதிரியே இருக்கும். பெயர் அதனால் வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தலையைச் சுண்டினால் விதைகள் காற்றில் பிரிந்து நாலு பக்கமும் போகும். தாத்தா தலையைக் கொடுப்பதால்தான் அடுத்த மழையில் பேரப் பிள்ளைகள் முளைக்கிறார்கள் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வது வழக்கம். சென்ற வருஷம் ஒரு பெரியவர் வகுப்பு வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டு, தானே குனிந்து ஒன்றைப் பறித்துச் சுண்டினார். அவருடையதுதான் அன்று எல்லாரையும்விடத் தூரம் போனது.

“செயின்பான் பூவுல சேவல் சண்டை எப்படி? என் அண்ணன் ஒரு மாதிரி சொல்றான், பக்கத்து வீட்டுல வேற மாதிரி.”

செயின்பான் என்று இங்கே சொல்லும் மரத்துக்குத் தமிழில் தீக்கொன்றை என்று பெயர், மே மாதப் பூ என்றும் சொல்வார்கள். ஏப்ரல், மே மாதங்களில் மரமே எரிவது போல் பூத்து நிற்கும். சண்டைக்கு விரிந்த பூ உதவாது. நாளைக்கு விரியும் என்ற நிலையில் கொழுத்துப் போயிருக்கும் மொட்டாகப் பாருங்கள். காற்றடித்த மறுநாள் மரத்தடியில் நிறையக் கிடக்கும். மொட்டின் பச்சைத் தோல் ஐந்தாகப் பிரியும். உள்ளே இதழ்கள் கசங்கிய பட்டுத் துணி போல் மடிந்திருக்கும். அதையும் விலக்கினால் பத்து மெல்லிய கம்பிகள் வளைந்து கிடக்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் குறுக்காக ஒட்டிய சின்னத் தலை. அந்தக் கம்பிதான் சேவல்.

ஆளுக்கொரு சேவலைப் பிடித்து, தலையோடு தலையை மாட்டி இழுக்க வேண்டும். யார் சேவலின் தலை அறுகிறதோ அவர் தோற்றார். பத்தும் தீரும்வரை ஆட்டம் நடக்கும். வெடுக்கென்று இழுப்பதா, மெல்ல இழுப்பதா என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். உங்கள் அண்ணனும் பக்கத்து வீட்டாரும் சண்டை போடுவது அதற்காகத்தான் இருக்கும். இரண்டும் சரி. ஆட்டம் தொடங்கும் முன் எது என்று பேசிக்கொள்ளுங்கள்.

மிச்சத்தையும் வீணாக்க வேண்டாம். பிரித்த ஐந்து தோலும் உள்பக்கம் சிவப்பாக இருக்கும், பெண் பிள்ளைகள் அதை எச்சில் தொட்டு விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு ராட்சசி நகம் என்பார்கள். விரிந்த பூவில் நான்கு இதழ் முழுச் சிவப்பு, ஒன்று மட்டும் வெள்ளையும் மஞ்சளும் கலந்து கோடு போட்டிருக்கும். அதை நாங்கள் ராணி என்போம். யார் முதலில் ராணியைக் காட்டுகிறாரோ அவர்தான் மொட்டுப் பொறுக்குவதில் முதல் ஆள்.

“திஞ்ஜானுக்கு வெடிக்கிற காய்ன்னு ஒண்ணு சொன்னீங்களே, அது எந்தச் செடி?”

பட்டாசுக்காய். ஊதா நிறத்தில் புனல் மாதிரிப் பூ, காலையில் விரிந்து சாயங்காலத்துக்குள் உதிர்ந்துவிடும். பூவை வைத்து விளையாட ஒன்றுமில்லை, காய்தான் விஷயம். விரல் நீளம்கூட இருக்காது. பச்சையாக இருந்தால் வெடிக்காது. காய்ந்து பழுப்பாக, நுனி கூர்மையாக இருப்பதைப் பறித்துத் தண்ணீரில் போட்டால் சில நொடியில் ‘டப்’ என்று இரண்டாகப் பிளந்து விதையை வீசும். ஓட்டின் இரண்டு பாதியும் வில் போல் இறுகி நிற்கின்றன. அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் நுனி ஈரம் பட்டதும் விட்டுப்போகிறது. அதனால்தான் இந்த வெடி.

திஞ்ஜான் என்னும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு இது நன்றாகப் பொருந்தும். தெருவில் எல்லாரும் வாளி வைத்துத் தண்ணீர் ஊற்றும்போது எங்கள் பிள்ளைகள் சட்டைப் பைக்குள் பட்டாசுக்காயைப் போட்டுக்கொண்டு போய் நிற்பார்கள். நனைந்ததும் பை வெடிக்கத் தொடங்கும். முகத்துக்கு நேரே பிடிக்கக் கூடாது.

“ஆம்பல் தண்டுல சங்கிலி செய்யறது எங்கம்மாவுக்குத் தெரியும், எனக்கு வரல. மெதுவாச் சொல்லுங்க.”

நீளமான தண்டோடு ஒரு பூ எடுத்துக்கொள்ளுங்கள். பூ மேலே, தண்டு கீழே தொங்கட்டும். பூவிலிருந்து ஒரு விரற்கடை தள்ளித் தண்டை ஒடியுங்கள், ஆனால் முழுதாக அறுந்துவிடக் கூடாது. ஒரு பக்கத்துத் தோல் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்க, ஒடிந்த துண்டை மெல்லக் கீழே இழுத்தால் தோல் ஒரு விரற்கடைக்கு உரிந்து வரும். அடுத்த விரற்கடையில் மறுபடி ஒடியுங்கள். இந்த முறை எதிர்ப் பக்கத்துத் தோல் மிஞ்ச வேண்டும். இப்படி இடம், வலம், இடம், வலம் என்று தண்டு தீரும்வரை போனால், பச்சைப் பாசிமணி கோத்தது போல் இரண்டு சரம் தொங்கும். அடியில் பதக்கமாகப் பூ. இரண்டு சரத்தின் நுனியையும் கழுத்துக்குப் பின்னால் முடிந்தால் சங்கிலி தயார்.

அவசரப்பட்டால் தோல் அறுந்துபோகும், உங்களுக்கு வராததற்குக் காரணம் அதுதான். தண்டைக் கொஞ்ச நேரம் நிழலில் போட்டு வாடவிட்டால் தோல் இளகிக்கொடுக்கும். பிள்ளைகளைக் குளத்தில் இறக்க வேண்டாம். பர்மியர்கள் சமைக்க வாங்கும் ஆம்பல் தண்டு சந்தையில் கட்டுக் கட்டாக வரும். பூவோடு இருப்பதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

தாமரைத் தண்டு கிடைத்தால் இன்னொன்றும் காட்டுங்கள். ஒடித்து இரண்டு பக்கமும் மெல்ல இழுத்தால் சிலந்தி இழை போல் நூல் நீளும். நம் வீட்டில் அந்த நூலைத் திரித்து விளக்குக்குத் திரி போடுவோம். இன்லே ஏரியில் பெண்கள் அதே நூலை உருட்டிச் சேர்த்துத் தறியில் போட்டுத் துணி நெய்கிறார்கள், புத்தர் சிலைக்கும் துறவிகளுக்கும் சாத்துவதற்காக. என் வகுப்பில் முதன்முதலாக அந்த இழையைப் பார்க்கும் பிள்ளை எதுவும் பேசாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இழுக்கும்.

“அந்திமந்தாரையில ஜிமிக்கி?”

பூவின் அடியில் இருக்கும் பச்சைக் குமிழை நகத்தால் கிள்ளி மெல்லக் கீழே இழுங்கள். உள்ளே ஓடும் மெல்லிய நார் குழலுக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கும், பூ அதில் தொங்கும். குமிழைக் காதோரம் செருகினால் ஜிமிக்கி. உதிர்ந்த கறுப்பு விதையைக் கல்லில் நசுக்கினால் வெள்ளை மாவு வரும். தனாக்கா என்பது இங்கே முகத்தில் பூச அரைக்கும் மரப்பட்டை. தனாக்கா கல்லில் அம்மா அரைப்பதைப் பார்த்த பிள்ளைகள் இதைப் பொம்மைக்குத் தனாக்காவாகப் பூசுவார்கள். விதையை வாயில் வைக்கவிடாதீர்கள்.

“தேன் உறிஞ்சலாமா? நாங்க சின்ன வயசுல எல்லாத்தையும் உறிஞ்சினோமே.”

தும்பையும் இட்லிப்பூவும் போதும். இட்லிப்பூவில் நடு நாரைப் பிடித்து இழுத்தால் நுனியில் கடுகளவு தேன் ஒட்டிக்கொண்டு வரும். தும்பையில் வெள்ளைப் பூவை மட்டும் பிடுங்கி அடிப்பக்கத்தை நாக்கில் வைக்க வேண்டும். சாலையோரச் செடி வேண்டாம், மருந்தடித்த வயல் வரப்பும் வேண்டாம்.

உண்ணிப்பூவில் தேன் உண்டு, ஆனால் அந்தச் செடியை நான் தேனுக்குக் காட்டுவதில்லை. காய் வயிற்றுக்குக் கெடுதல், பிள்ளைகள் பூவிலிருந்து காய்க்குப் போக அதிக நேரம் ஆகாது. அதில் வேறு விளையாட்டு இருக்கிறது. கொத்திலிருந்து ஒவ்வொரு பூவாக எடுத்து, ஒன்றின் குழலை இன்னொன்றின் வாயில் செருகிக்கொண்டே போனால் ஊசியும் நூலும் இல்லாமல் வளையல் ஆகிவிடும். மஞ்சளும் ரோஜா நிறமும் மாறி மாறி வரும்படி கோக்கச் சொல்லுங்கள்.

“எந்தப் பூவைத் தொடவே கூடாது? பட்டியல் மாதிரி கொடுங்க.”

பட்டியலாக மனப்பாடம் செய்தால் மறந்துபோகும், ஆளை அறிமுகம் செய்வது போல் செடியின் முன்னால் நிறுத்திக் காட்டுங்கள். முதலில் அரளி. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் எல்லாமே இதயத்தைப் பாதிக்கும் விஷம். மஞ்சளரளியின் கொட்டை விளையாட்டுக் காய் மாதிரி உருண்டு திரண்டிருப்பதால் அதுதான் அதிக ஆபத்து. அடுத்தது ஊமத்தை. பூ ஊதுகுழல் போல் இருப்பதால் வாயில் வைத்து ஊதத் தோன்றும். ஊதவே கூடாது, விதையும் இலையும் பூவும் எல்லாமே புத்தியைக் கலக்கும்.

மூன்றாவது செங்காந்தள். மழைக்காலத்தில் வேலியில் ஏறிச் சுடர் போல் பூக்கும். கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ என்றும் நம் ஆட்கள் சொல்வார்கள். பர்மியர்கள் இதைச் சீமீடவுக் என்கிறார்கள். விளக்கின் சுடர் என்று பொருள். இரண்டு பேரும் ஒரே பூவில் விளக்கைப் பார்த்திருக்கிறோம் என்று பிள்ளைகளிடம் சொன்னால் கண்கள் விரியும். தூரத்தில் நின்று பார்க்க வேண்டிய பூ இது. கிழங்கு உயிரையே வாங்கிவிடும். எந்தப் பிள்ளையாவது இவற்றில் எதையாவது விழுங்கிவிட்டால், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராமல் அந்தச் செடியின் கிளையோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

“எருக்க மொட்டை நெத்தியில வெடிக்கிறது? அதையும் வேண்டாம்பீங்களா?”

வேண்டாம் என்றுதான் சொல்வேன், சொந்த அனுபவத்தில். எட்டு வயதில் மொட்டை நெற்றியில் அடித்து வெடித்துவிட்டு அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கினேன். பால் பட்டது தெரியவே இல்லை, எரியவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கண்ணில் பனி இறங்கியது போல் எல்லாம் மங்கிவிட்டது. வலிக்கவில்லையே என்று யாரிடமும் சொல்லாமல் இரவு வரை இருந்துவிட்டேன். எருக்கம்பாலின் குணமே அதுதான், வலிக்காமல் பார்வையை மறைக்கும். தெளிய பல நாள் ஆயிற்று, என் அம்மா அந்த நாட்களில் சரியாகத் தூங்கவில்லை.

பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவி, வலி இருக்கிறதோ இல்லையோ, கண் டாக்டரிடம் காட்டுங்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டும்போது பெரியவர்கள் மொட்டுப் பறிக்கட்டும். பிள்ளைகள் பறித்ததை எண்ணிக் கொடுக்கட்டும்.

“தொட்டாற்சுருங்கியைத் தொட்டா அதுக்கு வலிக்குமா? பொண்ணு அழறா.”

வலிக்காது என்று சொல்லுங்கள். இலைக்காம்பின் அடியில் சின்ன முடிச்சு இருக்கிறது. தொட்டதும் அதிலிருக்கும் தண்ணீர் ஒரு பக்கம் இறங்கிவிடுவதால் இலை மடங்குகிறது. கால் மணி நேரத்துக்குள் தண்ணீர் ஏறி மறுபடி விரியும். ஆனாலும் திரும்பத் திரும்பத் தொட்டால் செடிக்கு வீண் செலவு. ஒரு பிள்ளை ஒரு இலையை ஒரு தடவைதான் தொடலாம் என்பது எங்கள் வகுப்பு வழக்கம். அழுத பிள்ளைக்கு அது ஆறுதலாக இருக்கும்.

பர்மிய மொழியில் இதற்குத் திகயோன் என்று பெயர், முதல் அசைக்குத் ‘தொடு’ என்றுதான் பொருள். தமிழிலும் தொடுவதை வைத்துத்தான் பெயர். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லவையுங்கள். விளையாட்டு ரொம்ப எளிது. ஒரே மூச்சில் “சுருங்கு சுருங்கு” என்று சொல்லிக்கொண்டே வரிசையாகத் தொட வேண்டும், மூச்சு விடுவதற்குள் யார் அதிக இலையை மடக்குகிறார்களோ அவர் வென்றார். முள் உண்டு, கவனம்.

“பொழுது சாய்ஞ்சா பூப்பறிக்கக் கூடாதுன்னு ஆயா சொல்றாங்க. நிஜமாவா?”

செடி தூங்குகிறது, எழுப்பாதே என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அதைப் பொய் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கிறார்கள். யாங்கோன் சாலைகளில் குடை விரித்து நிற்கும் பெரிய மரத்தை இங்கே கொக்கோ என்பார்கள், தமிழில் அதற்குப் பெயரே தூங்குமூஞ்சி மரம். சாயங்காலம் அதன் இலை முழுக்கக் கூப்பிவிடும். அதன் இளஞ்சிவப்புப் பூவைப் பிள்ளைகள் முகத்தில் பவுடர் பூசும் பிரஷ்ஷாக வைத்து விளையாடுவார்கள்.

பர்மியப் பிள்ளைகளுக்கு இதே எச்சரிக்கை வேறு விதமாக வரும். பெரிய மரத்தில் யொக்கசோ என்ற காவல் தெய்வம் இருக்கிறது, கேட்காமல் கை வைக்கக் கூடாது என்பார்கள். நம் பெரியவர்கள் அதே மரத்தில் முனி இருப்பதாகச் சொல்வார்கள். எங்கள் வகுப்பில் ஒரு பையன் இரண்டையும் சேர்த்து, “முனி யொக்கசோ தாத்தா, ரெண்டு பூ எடுத்துக்கறேன்” என்று கும்பிட்டுவிட்டுத்தான் பொறுக்குவான். இரண்டு என்று சொன்னால் இரண்டுதான் எடுப்பான்.

நடைமுறைக் காரணமும் இருக்கிறது. நம் பக்கத்து வயல்காடுகளில் கண்ணாடி விரியன் அதிகம், இருட்டில் புல்லுக்குள் கையும் காலும் போகவே கூடாது. பகலிலும் செருப்பில்லாமல் அனுப்பாதீர்கள்.

“மழைக்காலத்துல பூவே கிடைக்கலன்னா?”

பூவில்லாமலே பூ விளையாட்டு உண்டு. இரண்டு அணியாக உட்கார்ந்து, தலைவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் காதில் ஒரு பூப் பெயர் வைக்க வேண்டும். எதிரணிப் பிள்ளையின் கண்ணைப் பொத்திக்கொண்டு, “மல்லிகைப்பூவே மெல்ல வந்து கிள்ளிப் போ” என்று கூப்பிட்டால், மல்லிகைப் பெயர் வைத்த பிள்ளை ஓசையில்லாமல் வந்து கிள்ளிவிட்டுப் போகும். யார் கிள்ளியது என்று கண் பொத்தப்பட்டவர் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பேர் கை கோத்து வாசல் கட்ட, மற்றவர்கள் அதன் அடியில் நுழைந்து ஓடும் “ஒரு குடம் தண்ணி ஊத்தி ஒரு பூ பூத்தது” ஆட்டமும் இருக்கிறது. ஒன்று முதல் பத்து வரை எண்ணுவதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. மாதப் பெயர்கள் வர வேண்டுமென்றால் “பூப்பறிக்க வருகிறோம்”, “எந்த மாதம் வருகிறீர்?” என்று இரண்டு அணி எதிரெதிரே நின்று கேட்டுப் பதில் சொல்லும் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

“படவுக் பூவுக்குத் தமிழ்ல ஏதாவது கதை இருக்கா சயாமா?”

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு பிள்ளை, அதனால் ‘சயாமா’, பர்மிய மொழியில் டீச்சரம்மா என்று பொருள். நேராக இந்த மரத்துக்குக் கதை இல்லை, ஆனால் இதன் உடன்பிறப்புக்கு இருக்கிறது. தமிழ்நாட்டு வேங்கை மரமும் இந்தப் படவுக்கும் ஒரே இனம். இரண்டும் பொன் மஞ்சளாகப் பூக்கும். சங்கப் பாடல்களில் வேங்கைப்பூப் பறிக்கப் போகும் பெண்கள் “புலி புலி” என்று கூச்சல் போடுவார்கள். வேங்கை என்றால் புலி என்றும் பொருள் அல்லவா. பூவின் நிறம் புலித்தோலை நினைவுபடுத்துவதாகவும் அந்தப் பாடல்கள் சொல்லும்.

இங்கே படவுக் பூக்கும் விதமே தனி. ஏப்ரலில் முதல் மழை விழுந்ததும் ஊரிலுள்ள மரங்கள் எல்லாம் ஒரே நாளில் பூக்கும், மறுநாள் தரையெல்லாம் மஞ்சள். பெண்கள் எல்லாரும் அன்று அதைத் தலையில் வைத்திருப்பார்கள். மூன்று முறை பூத்தால் மழைக்காலம் வந்துவிட்டது என்பது பர்மியர் கணக்கு. திஞ்ஜானும் நம் சித்திரைப் பிறப்பும் அடுத்தடுத்து வருவதால் எங்கள் வீட்டுப் புத்தாண்டுப் படையலிலும் படவுக் இருக்கும். உதிர்ந்த மறுநாள் பிள்ளைகளை மரத்தடிக்குக் கூட்டிப் போய், “புலி புலி” என்று கத்திக்கொண்டே பொறுக்கச் சொல்வேன். அந்த வழியே போன பர்மிய அக்கா ஒருவர் என்னவென்று கேட்டுவிட்டு, தானும் ஒரு தடவை கத்திப் பார்த்தார்.

“என் பையன் பூப்பேர் எல்லாம் பர்மிய மொழியிலதான் சொல்றான். திருத்தணுமா?”

திருத்த வேண்டாம், பக்கத்தில் ஒன்றைச் சேர்த்து வையுங்கள். கொன்றைக்கு இங்கே ஙு என்று பெயர். தமிழில் ங என்று எழுதப் பழக்குகிறோம், ஆனால் அதில் தொடங்கும் சொல் அன்றாடப் பேச்சில் கிடையாது. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அந்த ஒலி வாயில் வர நாளாகும். நம் பிள்ளைகளுக்கு மீன் என்றால் ஙா, கொன்றை என்றால் ஙு. ங எழுத்துப் பாடத்தன்று நான் கொன்றைக் கொத்து ஒன்றைக் கொண்டுபோய் மேசையில் வைப்பேன். அந்த எழுத்தில் நம் பிள்ளைகள் ஒருபோதும் தடுமாறியதில்லை.

மகிழம்பூவுக்கு இங்கே கயே. போனில் இருக்கும் நட்சத்திரக் குறிக்கும் அதே பெயர்தான், கயேப்பூ பட்டனை அழுத்து என்பார்கள். அதைக் காட்டி, இது மகிழம்பூ பட்டன் என்று ஒருமுறை சொல்லுங்கள். அப்புறம் ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் தமிழ்ப் பெயர் நினைவுக்கு வரும். உதிர்ந்த மகிழம்பூவுக்கு நடுவில் தானாகவே துளை இருப்பதால் ஈர்க்குச்சியில் கோக்கச் சுலபம். காய்ந்தாலும் வாசம் போகாது. போன வருஷம் கோத்தது என் தமிழ் நோட்டுக்குள் இன்னும் மணக்கிறது.

“சென்னையில இருக்கற எங்க சித்தி, நீங்க விளையாடறது அசல் தமிழ் விளையாட்டு இல்லங்கறாங்க. எது அசல்?”

சித்தியிடம் மரியாதையோடு ஒன்று சொல்லுங்கள். தாத்தாப்பூ, தொட்டாற்சுருங்கி, உண்ணிச்செடி, பட்டாசுக்காய், தூங்குமூஞ்சி மரம் எல்லாமே அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதிகளிலிருந்து வந்தவை. தீக்கொன்றை மடகாஸ்கர் மரம், 1820களில்தான் வெளியுலகத்துக்குத் தெரியவந்தது. ஆகவே அதை வைத்து ஆடும் சேவல் சண்டைக்கு, சென்னையில் ஆடினாலும் பகோவில் ஆடினாலும், இருநூறு வயதுக்கு மேல் இருக்க வழியில்லை. எந்தப் புலவரும் இதை எழுதி வைக்கவில்லை. கப்பலில் வந்த களையைத் தெருப் பிள்ளைகள் கையில் எடுத்து, தமிழில் பெயர் வைத்து, தமிழில் விதி பேசி, தம்பி தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நம் பாட்டனார்களும் அப்படிக் கப்பலில் வந்தவர்கள்தான்.

1960களில் இங்கே தனியார் பள்ளிகள் அரசுடைமையானபோது தமிழ்ப் பள்ளிக்கூடங்களும் போயின. அதற்குப் பிறகு பிறந்த என் வயதுக்காரர்களுக்குப் புத்தகத்துக்கு முன்னால் தமிழ் கிடைத்தது இந்த மரத்தடிகளில்தான். அதனால் எனக்கு இது அசல்.

“பூவைப் பிய்க்கிறது பாவம் இல்லையா? சாமிக்கு வைக்கிறதை விளையாடறது தப்பு இல்லையா?”

கடினமான கேள்வி, எனக்கும் முழுத் தெளிவு வர வருஷங்கள் ஆயின. இப்போது நான் கடைப்பிடிப்பது இவ்வளவுதான். மரத்துப் பூவென்றால் உதிர்ந்ததை மட்டும் எடுப்போம். களைச் செடியென்றால் ஒரு செடியில் பாதிப் பூவாவது மிஞ்ச வேண்டும், தேனீக்கு. சாமிக்கென்று கூடையில் வைத்ததை முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. பவளமல்லி மட்டும் விதிவிலக்கு, தரையில் விழுந்ததையே சாமிக்கு வைக்கலாம் என்பது நம் வழக்கம். அதனால் விடிகாலையில் பிள்ளைகள் பொறுக்கியதில் முதல் கைப்பிடி கோயிலுக்கு, மிச்சம் அவர்களுக்கு. விளையாடி முடித்த பூவைக் காலில் மிதிபடப் போடாமல் ஏதாவது செடியின் அடியில் சேர்த்துவிடுவோம். முனி யொக்கசோ தாத்தாவிடம் கேட்ட பையனைப் பார்த்துக் கற்றுக்கொண்டது அது.

“தமிழ்ப் பேரே இல்லாத பூவுக்கு என்ன சொல்றது?”

தசின் அப்படிப்பட்ட பூ. மரக்கிளையில் ஒட்டி வளரும், குளிர்காலத்தில் பூக்கும், முன்பு மன்னர் குடும்பத்துப் பெண்கள் மட்டுமே சூடியது என்று இங்கே சொல்வார்கள். எனக்குத் தெரிந்த தமிழ்ப் பெயர் எதுவும் அதற்கில்லை. தசின் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

பொங்கலுக்குக் கூடத்தில் கூடியபோது யாரோ ஒரு தண்டு கொண்டுவந்திருந்தார்கள். மெல்லிய காம்பு பாரத்தில் வளைந்து, சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் வரிசையாகத் தொங்கின. பானைக்குப் பக்கத்தில் புது நெற்கதிர் கட்டியிருந்தது. ஏழு வயதுப் பெண் ஒருத்தி இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சயாமா, இது நெல்லுப்பூ” என்றாள். அந்த வருஷத்து நோட்டுகளில் எல்லாப் பிள்ளைகளும் தசின் படத்தின் கீழ் நெல்லுப்பூ என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.